பெட்டியில் எழுதியிருப்பது வேறு, லயத்துக்கு வருவது வேறு



இன்று நமது தோட்டங்களில் ஸ்மார்ட் போன் இல்லாத லயம் இல்லை என்றே சொல்லலாம். பிள்ளையின் பாடம், வெளிநாட்டில் வேலை செய்யும் மனைவியின் முகம், கொழும்பில் கடையில் நிற்கும் மகனின் குரல், வங்கியில் சம்பளம் விழுந்த செய்தி, எல்லாமே அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்தான் வந்து சேருகின்றன. ஒரு காலத்தில் ஆடம்பரமாக இருந்த பொருள் இன்று அத்தியாவசியப் பொருளாகிவிட்டது.

ஆனால் போன் வாங்கியவர்களில் பலர் சில நாட்களிலேயே முகம் வாடி வருவதைப் பார்க்கின்றோம். "ஐயா, 5ஜீ போன்தான் வாங்கினேன். டவுன்ல நல்லா ஓடுச்சு. லயத்துக்குக் கொண்டு வந்தா ஒரு படம்கூடப் போக மாட்டேங்குது" என்கிறார் ஒருவர். "நெட் வருது ஐயா, ஆனா பேசப் போனா நெட் நின்னு போகுது" என்கிறார் இன்னொருவர். "பக்கத்து வீட்டு வைபை அவங்க போன்ல தெரியுது, என் போன்ல பேரே காட்டல்ல" என்பது மூன்றாமவரின் குறை. மழையிலும் வெயிலிலும் மலை ஏறி, பேர் போட்டுச் சேர்த்த காசு. அட்டை கடித்த கால் ஆறுவதற்கு முன்னரே அந்தக் காசு கடைக்காரரின் லாச்சிக்குள் போய்விடுகிறது.

இவர்கள் வாங்கியவை பழுதான போன்கள் அல்ல. போன், சிம், நமது இடத்துக்கு வரும் அலை, இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகவில்லை. அதுதான் காரணம். இதைக் கொஞ்சம் புரிந்து கொண்டால் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பிக் காசைக் கொட்ட வேண்டிய அவசியம் இருக்காது.

பழைய ரேடியோவை நினைத்துப் பாருங்கள்

போன் என்பதும் ஒரு ரேடியோதான். பழைய ரேடியோ கேட்க மட்டும் செய்தது, போன் கேட்கவும் செய்கிறது, திருப்பி அனுப்பவும் செய்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

1998ஆம் ஆண்டளவில் நம் நாட்டில் தனியார் தமிழ் எப்.எம். சேவைகள் வந்தபோது என்ன நடந்தது என்று பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மத்திய அலையும் சிற்றலையும் மட்டும் எடுக்கும் பழைய ரேடியோ வைத்திருந்தவர்களுக்கு அந்த நிகழ்ச்சிகள் கேட்கவில்லை. ரேடியோ நன்றாக வேலை செய்தது, நிலையமும் நன்றாக ஒலிபரப்பியது. ஆனால் அந்த ரேடியோவில் எப்.எம். இல்லை. எப்.எம். உள்ள ரேடியோ வாங்கியவர்களுக்கும் மலைக்கு அந்தப் பக்கம் இரைச்சல், இந்தப் பக்கம் தெளிவு என்றுதான் இருந்தது.

போனிலும் இதே கதைதான். எந்த முறையில் பேசுவது, எந்த அலைவரிசையில் பேசுவது என்று உலக நாடுகள் கூடி விதிகள் வகுத்திருக்கின்றன. இந்த விதிகளைத் தரங்கள் என்பார்கள். டவருக்குத் தெரிந்த தரம் போனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்தவரும் சீன மொழி மட்டும் தெரிந்தவரும் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் காரியம் நடக்காது அல்லவா?

ஒரு ஸ்மார்ட் போனுக்குள் இப்படிப்பட்ட கம்பியில்லாத் தொடர்புகள் பல இருக்கின்றன. டவரோடு பேசுவதற்கு 2ஜீ, 3ஜீ, 4ஜீ, 5ஜீ. வீட்டு ரவுட்டரோடு பேசுவதற்கு வைபை. பக்கத்தில் இருக்கும் பொருளோடு பேசுவதற்கு புளூடூத். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'ஜீ' என்றால் என்ன?

'ஜீ' என்பது தலைமுறையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. தாத்தா, அப்பா, மகன், பேரன் என்பது போல 2ஜீ, 3ஜீ, 4ஜீ, 5ஜீ.

இலங்கையில் கைத்தொலைபேசி 1989இல் வந்தது. அது முதலாம் தலைமுறை. 1995இல் ஜீ.எஸ்.எம். எனப்படும் 2ஜீ வந்தது. பேசுவதற்கும் குறுஞ்செய்திக்கும் அது போதும். பட்டன் போன்கள் இதில்தான் ஓடின. 2006இல் 3ஜீ வந்தது. போனில் இணையம் பார்ப்பது அதன் பிறகுதான் ஓரளவு சாத்தியமானது. 2013இல் எல்.டி.ஈ. எனப்படும் 4ஜீ கைத்தொலைபேசிகளுக்கு வந்தது. இன்று நாம் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுவதும், பிள்ளைகள் சூம் வகுப்பில் படிப்பதும் பெரும்பாலும் இதன் தயவில்தான். உலகில் 5ஜீ வியாபார ரீதியாக 2019இல் பரவத் தொடங்கியது.

வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு கணக்கு பார்ப்போம். பிள்ளையின் பாடத் தாளைப் படம் பிடித்தால் அது 3 மெகாபைட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செக்கனுக்கு 40 கிலோபிட் வேகத்தில் ஓடும் பழைய 2ஜீ இணையத்தில் அந்த ஒரு படம் போக சுமார் 10 நிமிடம் ஆகும். செக்கனுக்கு 10 மெகாபிட் கிடைக்கும் 4ஜீயில் மூன்று செக்கனுக்குள் போய்விடும். ஆகவே பிள்ளையின் படிப்புக்கு என்று வாங்கினால் 4ஜீ உள்ள போனாகவும், 4ஜீ வரும் இடமாகவும் இருக்க வேண்டும்.

உங்கள் இடத்தில் எது வருகிறது என்பதை போனே சொல்லும். திரையின் மேல் பக்கத்தில் சிக்னல் கோடுகளுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய எழுத்து இருக்கும். டேட்டாவைப் போட்டுவிட்டு அதைப் பாருங்கள். ஆங்கில 'ஜீ' அல்லது 'ஈ' தனியாக இருந்தால் அது 2ஜீ. 'எச்' அல்லது 'எச்' எழுத்தும் கூட்டல் குறியும் இருந்தால் 3ஜீ. '4ஜீ' அல்லது 'எல்.டி.ஈ.' என்றிருந்தால் நான்காம் தலைமுறை. கோடு எத்தனை நிற்கிறது என்பதைவிட பக்கத்தில் என்ன எழுத்து நிற்கிறது என்பதே முக்கியம். நான்கு கோடு நின்றாலும் பக்கத்தில் 'ஈ' இருந்தால் வீடியோ ஓடாது.

5ஜீ போன் வாங்கலாமா?

வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. 5ஜீ போனுக்குள் 4ஜீயும் இருக்கும். ஆகவே 5ஜீ வராத இடத்தில் அது 4ஜீ போனாக வேலை செய்யும். ஆனால் அந்த 5ஜீக்காகக் கொடுத்த மேலதிகக் காசு சும்மா தூங்கும். அதிகமாகப் பாவிக்கப்படும் 5ஜீ அலைவரிசை 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது. அது வேகமானது, ஆனால் தூரம் போகாது. அதனால் சனம் நெருக்கமாக வாழும் பட்டணங்களில்தான் முதலில் போடுவார்கள். உங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டதா என்று சிம் கம்பனியிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அதே விலைக்கு நல்ல பட்டரியும் கூடுதல் இடமும் உள்ள 4ஜீ போன் கிடைத்தால் அதுவே பலருக்குப் பிரயோசனமாக இருக்கும்.

5ஜீ போன் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், அலை இல்லாத இடத்தில் அதை 4ஜீ என்று செட்டிங்ஸில் மாற்றி வைப்பது நல்லது. இல்லாத அலையைத் தேடித் தேடியே பட்டரி இறங்குவது அதனால் குறையும்.

பேசப் போனால் நெட் ஏன் நிற்கிறது?

இது பலருக்கும் தெரியாத விஷயம். 2ஜீயும் 3ஜீயும் பேச்சுக்கென்றே தனிப்பாதை வைத்திருந்தன. 4ஜீயில் அந்தப் பாதை கிடையாது. அது முழுக்க முழுக்க இணையத்துக்காகவே அமைக்கப்பட்டது. ஆகவே 4ஜீயில் இருக்கும் போனுக்கு அழைப்பு வந்தால், போன் உடனே 3ஜீக்கோ 2ஜீக்கோ இறங்கிப் பேசிவிட்டு மறுபடி மேலே ஏறும். பேசும் நேரம் நெட் நிற்பதும், அழைப்பு சேருவதற்குத் தாமதமாவதும் இதனால்தான்.

இதைத் தவிர்ப்பதற்காக வந்த தரத்துக்கு வோல்டீ என்று பெயர். 4ஜீ வழியாகவே பேச்சையும் அனுப்பும் முறை இது. வோல்டீ இருந்தால் குரல் தெளிவாக இருக்கும், அழைப்பு சீக்கிரம் சேரும், பேசும்போது நெட்டும் நிற்காது.

இது ஏன் முக்கியம் என்றால், உலகமெங்கும் கம்பனிகள் 3ஜீயை மூடி அந்த அலைவரிசையை 4ஜீக்கும் 5ஜீக்கும் கொடுத்து வருகின்றன. அமெரிக்காவின் பெரிய கம்பனிகள் 2022இல் 3ஜீயை நிறுத்தின. இந்தியாவில் 2016இல் தொடங்கிய ஜியோ நிறுவனம் ஆரம்பத்திலிருந்தே 2ஜீ, 3ஜீ இல்லாமல் 4ஜீ மட்டுமே நடத்தியது. வோல்டீ இல்லாத போனில் அந்த சிம்மைப் போட்டால் சாதாரண அழைப்பு எடுக்க முடியாது, அதற்கென்று தனி அப் போட வேண்டியிருந்தது. இலங்கையும் இந்த வழியில்தான் போகிறது. 2ஜீ இருக்கும்வரை பேச்சு ஓடும். ஆனாலும் இன்று போன் வாங்கினால் ஐந்தாறு வருடமாவது பாவிக்கத்தானே நினைக்கின்றோம்? ஆகவே வோல்டீ உள்ள போனா, நமது சிம் கம்பனியோடு அந்த வோல்டீ வேலை செய்யுமா என்று இரண்டையும் கேட்க வேண்டும். சில போன்களில் வோல்டீ இருந்தும் எல்லாக் கம்பனிகளோடும் அது வேலை செய்வதில்லை.

அழைப்பு கிடைப்பது சின்ன விஷயம் அல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகம் மறக்கவில்லை. மழை பெய்யும் இரவில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கோ, சுவசெரிய அம்புலன்சுக்கான 1990 இலக்கத்துக்கோ அழைப்பு எடுக்க வேண்டி வரலாம். அந்த நேரத்தில் படம் ஓடும், பேச்சு போகாது என்ற போனை வைத்து என்ன செய்வது? வீட்டில் ஒரு போனிலாவது சாதாரண அழைப்பு தடையில்லாமல் போகிறதா என்பதை மழைக்காலத்துக்கு முன்னரே பரிசோதித்து வையுங்கள்.

மலைக்குப் பின்னால் அலை ஏன் வருவதில்லை?

அலைவரிசை குறைந்தால் அலை நீளம். அலைவரிசை கூடினால் அலை கட்டை. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்ரிமீற்றர், அதாவது ஓர் அடியைவிடக் கொஞ்சம் கூட. 1800 மெகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதி. வைபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை 6 சென்ரிமீற்றர்தான், சுட்டுவிரல் நீளம்கூட இல்லை. நீளமான அலை தடைகளைச் சுற்றி வளைந்தும், சுவரைத் தாண்டியும் ஓரளவு போகும். கட்டையான அலை நேராகப் போய் முட்டி நிற்கும்.

நம் நாட்டில் 2ஜீ 900, 1800 மெகாஹெர்ட்ஸ்களில் ஓடுகிறது. 4ஜீ முதலில் 1800இல் போடப்பட்டது. ஆகவே பள்ளத்தில் இருக்கும் லயத்தில் பேச்சு வந்து, 4ஜீ வராமல் இருப்பது அதிசயம் அல்ல. டவர் கண்ணுக்குத் தெரியும் மேட்டில் 4ஜீ கிடைக்கும், ஒரு வளைவு இறங்கினால் காணாமல் போகும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது பிள்ளைகள் புத்தகப் பையோடு மேட்டுக்கும் பாறைக்கும் ஏறியதற்கு இதுவே காரணம். அந்தப் பிள்ளைகளில் பலரிடம் இருந்தவை நல்ல போன்கள்தான். அலைதான் வீட்டுக்கு வரவில்லை.

இதோடு நமது லயங்களின் கூரைத் தகரமும் சேர்ந்துகொள்கிறது. உலோகத் தகடு ரேடியோ அலையைத் திருப்பி அடித்துவிடும். தடித்த கருங்கல் சுவரும் அலையைக் குறைக்கும். ஆகவே வீட்டுக்குள் வராத சிக்னல் வாசலில் வரும், அடுப்படியில் வராதது டவர் பக்கத்து ஜன்னலோரம் வரும். போனைக் குறை சொல்வதற்கு முன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்து பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் போன்களிலும் அலைவரிசையைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் 4ஜீ ஓடும் அலைவரிசைகள் வேறுபடும். அந்த நாட்டுக்கென்று செய்த சில போன்களில் நமக்குத் தேவையான அலைவரிசை இல்லாமல் இருக்கலாம். இன்னும் சில நாடுகளில் கம்பனியே போனைத் தவணைக்குக் கொடுத்து, தன் சிம் மட்டும் வேலை செய்யும்படி பூட்டி வைக்கும். அனுப்பச் சொல்வதற்கு முன்னரே, பூட்டு இல்லாத போனா என்று கேட்டு வையுங்கள்.

சிம்மும் பழசாகும்

சிலர் பல வருடமாக ஒரே சிம்மை வைத்திருப்பார்கள். நம்பரை மாற்ற விருப்பம் இல்லை. அது நியாயம்தான். ஆனால் 4ஜீ வருவதற்கு முன் எடுத்த பழைய சிம்கள் பல 4ஜீயைத் திறக்காது. புதுப் போனில் பழைய சிம்மைப் போட்டுவிட்டு "4ஜீ வரல்ல" என்றால் போன் என்ன செய்யும்? அடையாள அட்டையோடு சிம் கம்பனியின் நிலையத்துக்குப் போனால் அதே நம்பரில் புதிய சிம் தருவார்கள். சிம் உங்கள் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டு சிம் போடும் போனிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய மாதிரிப் போன்கள் சிலவற்றில் ஒரு பக்கம்தான் 4ஜீ எடுக்கும், மறு பக்கம் பேச்சுக்கு மட்டும். டேட்டா போடும் சிம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

வைபை இருந்தால் நெட் இருக்குமா?

வைபையும் டேட்டாவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வைபை என்பது ரவுட்டருக்கும் போனுக்கும் இடையில் உள்ள சின்னப் பாதை மட்டுமே.

நமது பீலித் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தாங்கி இருக்கிறது, அங்கிருந்து வீட்டுக்குக் குழாய் வருகிறது. வீட்டுக் குழாய் புதுசாக, பெரிசாக இருக்கலாம். ஆனால் தாங்கியில் தண்ணீர் இல்லாவிட்டால் குழாயைத் திறந்து என்ன பயன்? வைபை என்பது அந்த வீட்டுக் குழாய். சிம் போட்ட ரவுட்டர் டவரிலிருந்து எடுக்கும் 4ஜீதான் தாங்கித் தண்ணீர். போனில் வைபை கோடு முழுசாக இருந்தும் படம் ஓடவில்லை என்றால், குறை டவருக்கும் ரவுட்டருக்கும் இடையில் இருக்கலாம், அல்லது ரவுட்டரில் போட்ட டேட்டா முடிந்திருக்கலாம். அப்படிப்பட்ட ரவுட்டரை அலமாரிக்குள் பூட்டாமல், டவர் பக்கத்து ஜன்னலோரம் உயரமான இடத்தில் வையுங்கள்.

வைபையின் முதல் தரம் 1997இல் வந்தது. அதன் வேகம் செக்கனுக்கு 2 மெகாபிட்தான். அதன் பிறகு அது பல தடவை வளர்ந்திருக்கிறது. ஆங்கில எழுத்துக்களில் இருந்த பெயர்கள் குழப்பமாக இருந்ததால் 2018இல் இலக்கம் கொடுத்தார்கள். 2009இல் வந்த தரம் வைபை 4, 2013இல் வந்தது வைபை 5, அதன் பின் வைபை 6. வைபை 7 போன்களுக்கும் ரவுட்டர்களுக்கும் 2024 முதல் சான்றிதழ் கொடுக்கின்றனர்.

இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்.

முதலாவது, ரவுட்டரும் போனும் பேசும்போது இரண்டில் எது பழசோ அதன் தரத்தில்தான் பேசும். வைபை 6 போனை வைபை 4 ரவுட்டரோடு சேர்த்தால் வைபை 4தான் கிடைக்கும். ரவுட்டர் பழசாக இருக்கும்போது 'இதில் வைபை 6 இருக்கிறது' என்று கூடக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, வைபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. 2.4 கொஞ்சம் தூரம் போகும், சுவர் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. 5 வேகமானது, ஆனால் ஒரு கல் சுவரைத் தாண்டவே கஷ்டப்படும். விலை குறைந்த போன்கள் சிலவற்றில் 2.4 மட்டுமே உண்டு. பக்கத்து வீட்டு வைபை உங்கள் போனில் பெயரே காட்டவில்லை என்றால், அது 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கலாம். ரவுட்டரில் 2.4ஐயும் திறந்துவிட்டால் தெரிந்துவிடும்.

ஒரு போனின் நெட், மூன்று பிள்ளைக்கு

ஹொட்ஸ்பொட் என்ற வசதியைப் பலர் பாவிப்பதில்லை. 4ஜீ கிடைக்கும் ஒரு போன், தான் எடுக்கும் நெட்டை வைபை வழியாக மற்றப் போன்களுக்குக் கொடுக்கும் முறை இது. போன் சின்ன ரவுட்டராக மாறுகிறது. சிக்னல் கிடைக்கும் ஜன்னலோரம் ஒரு போனை வைத்து ஹொட்ஸ்பொட் போட்டால், வீட்டுக்குள் இருந்து பிள்ளை வேறு போனில் படிக்கலாம். மழையில் மேட்டுக்கு ஏறத் தேவையில்லை. மூன்று பிள்ளைகளுக்கு மூன்று டேட்டா அட்டை போடுவதற்குப் பதில் ஒரு பெரிய பெக்கேஜ் போட்டால் செலவும் மிச்சமாகலாம்.

ஆனால் போகும் டேட்டா ஹொட்ஸ்பொட் கொடுக்கும் போனுடையது. பட்டரியும் சீக்கிரம் இறங்கும். பாஸ்வேர்ட் போடாமல் திறந்து வைத்தால் லயமே உங்கள் காசில் படம் பார்க்கும். வேலை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

புளூடூத் வேறு. இதற்கு 10ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஓர் அரசனின் பட்டப் பெயரை வைத்திருக்கிறார்கள். சாதாரணமாகச் சுமார் 10 மீற்றர் தூரத்துக்குள் வேலை செய்யும். காதில் மாட்டும் கருவி, ஸ்பீக்கர் போன்றவற்றை இணைக்கலாம். டேட்டா இல்லாமலே ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் பாடக் குறிப்பின் படத்தை அனுப்பலாம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. தெரியாத ஆள் அனுப்பும் எதையும் 'சரி' என்று ஏற்காதீர்கள். தேவை முடிந்ததும் புளூடூத்தை அணைத்து வையுங்கள்.

என்.எப்.சி. என்று இன்னொன்று உண்டு. சில சென்ரிமீற்றருக்குள் தொட்டால் மட்டும் பேசும். வங்கி அட்டைக்குப் பதிலாகப் போனைத் தொட்டுக் காசு கட்டுவதற்கு அது உதவும். இன்றைக்கு நம்மில் பலருக்கு அதற்காகக் கூடக் காசு கொடுக்க வேண்டிய தேவை இல்லை.

திறந்த வைபையில் கவனம்

டவுனில் பூட்டுக் குறி இல்லாத வைபை கிடைத்தால் சந்தோஷப்பட்டு உடனே நுழைந்துவிடாதீர்கள். யாரும் ஒரு பெயரை வைத்து அப்படி வைபை போடலாம். செய்தி வாசிக்கலாம், பாட்டுக் கேட்கலாம். ஆனால் வங்கிக் கணக்கு, காசு அனுப்புதல் போன்றவற்றை உங்கள் சொந்த டேட்டாவில் செய்வதே பாதுகாப்பு. வங்கியிலிருந்து வரும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும், "நான் கம்பனியிலிருந்து பேசுகிறேன்" என்று சொன்னாலும், கொடுக்கவே கூடாது.

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

1. உங்கள் லயத்திலேயே எந்தக் கம்பனி சிம்மில் 4ஜீ வருகிறது என்று பக்கத்து வீட்டார் போன்களில் பாருங்கள். காலையிலும் இரவிலும் பாருங்கள். இரவில் எல்லோரும் பாவிக்கும்போது வேகம் குறையும்.

2. உங்கள் சிம் 4ஜீ சிம்மா என்று கம்பனியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

3. போன் யாருக்கு, எதற்கு என்று முதலில் முடிவெடுங்கள். பேச மட்டும் வேண்டிய பாட்டிக்கு பட்டன் போன் போதும். வோல்டீ உள்ள 4ஜீ பட்டன் போன்களும் உண்டு.

4. கடையில் இந்த மூன்று கேள்வியைக் கேளுங்கள்: 4ஜீ இரண்டு சிம் பக்கத்திலும் வேலை செய்யுமா? என் சிம் கம்பனியில் வோல்டீ வேலை செய்யுமா? வைபை 2.4 மட்டுமா, 5ம் உண்டா?

5. உங்கள் சிம்மைக் கடையிலேயே போட்டு ஓர் அழைப்பு எடுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே மேலே பாருங்கள். 4ஜீ அப்படியே நின்றால் வோல்டீ வேலை செய்கிறது. 'எச்' அல்லது 'ஈ' என்று மாறினால் வேலை செய்யவில்லை.

6. அழைப்பு இலக்கம் போடும் இடத்தில் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்கம் வரும். அதுதான் போனின் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம். இரண்டு சிம் போனில் இரண்டு வரும். பெட்டியில் உள்ளதும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் ஐ, எம், ஈ, ஐ என்ற நான்கு எழுத்தையும் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும். காசு கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

7. பில்லும் உத்தரவாத அட்டையும் இல்லாமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள். தவணைக்கு எடுத்தால் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கடதாசியில் எழுதி வாங்குங்கள்.

போன் நல்லது, அலைதான் இல்லை என்றால்?

சில தோட்டங்களில் எந்தக் கம்பனியின் அலையும் ஒழுங்காக வருவதில்லை. அங்கே எவ்வளவு விலைக்குப் போன் வாங்கினாலும் பிரயோசனம் இல்லை. அதற்கு மருந்து கடையில் கிடையாது. ஒருவர் தனியாக முறையிட்டால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவார்கள். லயத்து மக்கள் சேர்ந்து, எந்த லயத்தில் எந்தக் கம்பனிக்கு என்ன எழுத்து வருகிறது, எத்தனை குடும்பம், எத்தனை பாடசாலைப் பிள்ளைகள் என்று ஒரு தாளில் எழுதி, எல்லோரும் ஒப்பமிட்டு அனுப்பினால் அதற்கு ஒரு பெறுமதி உண்டு. முதலில் சிம் கம்பனிக்கு அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால், 1996ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின் கீழ் அமைக்கப்பட்ட தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். பாவனையாளரின் முறைப்பாட்டைக் கேட்பதும் அதன் வேலைகளில் ஒன்று. அனுப்பும் கடிதத்தின் பிரதி ஒன்றைக் கட்டாயம் வைத்திருங்கள். கடிதம் எழுத உதவி தேவையென்றால் உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் தயங்காமல் கேளுங்கள்.

பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாமல், நமது லயத்துக்கு வரும் அலைக்கு ஏற்ற போனை, அதற்கேற்ற சிம்மோடு வாங்குவோம். அதில் மிஞ்சும் காசு பிள்ளையின் புத்தகத்துக்கு உதவட்டும்.